பூஜ்ஜியப் பொருத்தம்

முதலில் புரதத்தின் உடம்பு முழுவதையும் மறைத்துவிடுகிறார். கருப்புக் கணினித் திரையில் ஒரு சின்ன வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதன்மேல் இன்னொரு புரதத்தின் அதே வளைவைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, இரண்டையும் சேர்த்துச் சுழற்றிப் பார்க்கிறார்.

எங்கள் ஆய்வகத்தில் இவருக்குத் தரகர் என்று பெயர். ஜோடி சேர்ப்பதே பிழைப்பு என்பதால் நான்தான் வைத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. "முழு ஆளையும் வச்சுப் பொருத்தினா நல்லதெல்லாம் சேர்ந்து கெட்டதை மறைச்சிடும். சந்தேகப்பட்ட இடத்தை மட்டும் தனியாப் பிடிச்சுக் கேக்கணும்" என்பார். எந்தத் தரகரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பொருத்தியதும் கீழே ஓர் எண் வரும். எவ்வளவு விலகல் என்று சொல்லும் எண். சிறியதாக வந்தால் தலையாட்டுவார். பூஜ்ஜியம் வந்தால் மட்டும் சிரிப்பு தாங்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவசரத்தில் ஒரே கணினிக் கோப்பை இருமுறை திறந்துவிட்டு, "அச்சு அசலாப் பொருந்துது சார்" என்று ஓடிவருவார்கள். "பொருந்தாம? கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, தம்பி கிடைச்சிட்டான்னு சொல்றீங்களே!"

மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடுவார். விழித்ததும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் என்னிடம் கேட்பார்: "அசந்தேனா? நீங்க பார்த்தீங்கல்ல?" தூக்கத்துக்குச் சாட்சி தேடும் மனிதரை வேறெங்கும் கண்டதில்லை. ஆரம்பத்தில் கேலி செய்தேன். அவருடைய அண்ணன் செத்த விதம் தெரிந்தபின் நிறுத்திக்கொண்டேன்.

அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு புரதம் மடிய வேண்டியபடி மடியாததால் வந்த நோய். ரத்த வழியில் வருவது, மருந்து கிடையாது. மாதக்கணக்கில் விழித்தே கிடந்து போய்ச் சேர்ந்தார். "கடைசியில கண்ணைத் திறந்துக்கிட்டே கனவு கண்டாருங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அவரு கனவுல வந்த என்கிட்ட பேசிக்கிட்டிருந்தாரு."

அண்ணனின் மரபணு விவரத்தைக் கணினிக்குக் கொடுத்து உருவமாக்கி வைத்திருக்கிறார். சிவப்பு நிறம். நோயில்லாதவர்களின் வளைவோடு வைத்தால் ஓரிடத்தில் விலகி நிற்கும். "இங்கதான் வழி தவறிட்டாரு" என்று தொட்டுக் காட்டுவார். திரையில் அந்த இடத்தில் மட்டும் விரல் அழுக்கு படிந்திருக்கிறது.

போன மாதம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தன் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்தார். இன்று காலை முடிவு வந்தது. "எழுத்தாப் பார்த்தா மனசு ஏத்துக்காது, உருவமா வரட்டும்" என்று அதையும் கணினிக்குக் கொடுத்தார். பச்சை நிறத்தில் வந்தது. சிவப்பின்மேல் உட்காரவைத்தார்.

பூஜ்ஜியம்.

"அட, ஒரே கோப்பை ரெண்டு தடவை திறந்துட்டேன்" என்று சிரித்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டையும் மூடி, பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே திறந்தார். "அண்ணன்... நான்."

மறுபடியும் பூஜ்ஜியம். இரு நிறங்களும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டுப் புள்ளி புள்ளியாக நடுங்கின. சிவப்பை மறைத்தார். அண்ணன் நின்ற அதே இடத்தில், அதே வளைவில், பச்சை தனியாக நின்றது.

மதியம் வழக்கம்போல் சாப்பிட்டார், நாற்காலியைச் சாய்த்தார். கண்ணை மூடுவதற்கு முன் கையை நீட்டி, என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, என்னை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.