முந்தின நாளே ஒரு போன்

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நான் வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையால் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று. சுற்றி வளைக்காமல் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த நூற்பாலையை மூடியபோது எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் புது வேலை யார் கொடுப்பார்கள்? தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கோயமுத்தூரில் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தேன். அது ஒரு குடும்பத்தாரின் அறக்கட்டளை அல்ல. மில்காரர்கள், பம்ப் கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் என்று பலரும் போட்டுச் சேர்த்த பொதுப் பணம். வங்கியில் போட்ட முதலைத் தொடமாட்டார்கள். அதிலிருந்து வருவதை வருடாவருடம் இந்த வட்டாரத்துக்குள்ளேயே பிரித்துக் கொடுப்பார்கள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பகல் பள்ளி ஒன்று அதில்தான் நடந்தது. கிராமத்து முதியவர்களைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிவரும் வேனுக்கு அதில்தான் டீசல் போட்டார்கள். மீதி, கல்லூரிக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகப் போயிற்று.

உதவித்தொகை கேட்டு எழுதியவர்களின் வீட்டை நேரில் பார்த்து வருவதுதான் என் வேலை. அச்சடித்த தாள் ஒன்று உண்டு. கூரை என்ன, தரை என்ன, எத்தனை அறை, வண்டி உண்டா, டிவி, ஃபிரிட்ஜ், சோபா உண்டா என்று வரிசையாக நிரப்ப வேண்டும். இந்த வேலையில் நான் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது. பைக்கைப் பக்கத்துச் சந்தில் ஒளித்துவிட்டு, நடந்தேதான் போகிறேன் என்பார்கள். வளையலைக் கழற்றி வைத்த கையில் வெள்ளைத் தடம் அப்படியே இருக்கும். ஒருவர் ஏசி மேல் போர்வையைத் தொங்கவிட்டு, சுவரில் ஈரக்கசிவு என்றார். ஈரத்துக்கு ரிமோட் எதற்குங்க என்று கேட்டேன். மனிதர் அசடு வழிந்தார். ஆபீஸில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

எங்கள் கமிட்டித் தலைவர் மில் நடத்தி ஓய்ந்த பெரியவர். அவர் வைத்த விதி ஒன்று உண்டு. எந்த வீட்டுக்குப் போவதானாலும் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தர் வீட்டுக்குள் நுழைவது மரியாதை இல்லை, இல்லாதவர்களுக்கும் மானம் உண்டு என்பார். போன் பண்ணினால் ஒளிக்கத்தானே நேரம் கொடுக்கிறோம் என்று நான் முணுமுணுப்பேன். பெரியவரோ அசையமாட்டார்.

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றிலிருந்து அந்த விண்ணப்பம் வந்தது. பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருடக் கட்டணம் கட்ட வழியில்லை. அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில், பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குவது என்று எழுதியிருந்தாள். கையெழுத்து நன்றாக இருந்தது. முந்தின நாள் போன் பண்ணினேன். அம்மாதான் எடுத்தார். வாங்க, வாங்க, காத்திருக்கறோமுங்க என்றார்.

மறுநாள் போனால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைக்குள் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பச்சை சோபா. மூலையில் ஃபிரிட்ஜ். கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு கூல்டிரிங்க், தட்டில் மிக்சர். அந்த அம்மா என்னை சோபாவில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார். சோபாவின் கையில் ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள். நான் சாய்ந்தபோது அது நழுவியது. அடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, முக்கோணமாக. அந்த அம்மா சட்டென்று துண்டை இழுத்து மூடினார். தழும்பு தெரிந்தால் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா எங்கே என்று கேட்டேன். "பொள்ளாச்சிக்குப் போயிருக்காருங்க" என்றார். சரி, வேலைக்குப் போயிருக்கிறார். தாளில் எழுதிக்கொண்டேன். மிக்சர் நமத்துப்போயிருந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டேன். கூல்டிரிங்க் ஜில்லென்று இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து சத்தமும் வரவில்லை. இத்தனையும் பார்த்தவள்தான் நான்.

அந்தப் பெண் அவ்வளவு நேரமும் கதவோரமாக நின்றாள். உட்காரு கண்ணு என்றேன். உட்காரவில்லை. கிளம்பும்போது, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கம்போல் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று பெண் தலையாட்டினாள்.

கமிட்டி கூடிய அன்று பட்டியல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஓர் இடமும் இரண்டு பெண்களும் மிஞ்சின. மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்று. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மணி, ஊடு பாத்துட்டு வந்தது நீங்க. நீங்களே சொல்லுங்க."

"போத்தனூர்ப் புள்ள வீட்டுல சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்குதுங்க. அப்பா வேலைக்குப் போறார். எப்படியாச்சும் சமாளிச்சுக்குவாங்க" என்றேன்.

அவ்வளவுதான். காப்பி வந்தது, குடித்தோம். அடுத்து பகல் பள்ளியின் கூரை பற்றிப் பேசினார்கள். இடம் கிடைத்த பெண் தகுதியில்லாதவள் அல்ல. அவள் வீட்டுத் தரை மண் தரை. இன்றைக்கு நன்றாகப் படிக்கிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவளுக்கு, வருந்துகிறோம் என்று ஒரு கடிதம் போயிற்று. தபாலில் சேர்த்ததும் நான்தான்.

அடுத்த வருடம் அதே லைனிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வந்தது. மூன்று கதவு தள்ளி, கால் டாக்சி ஓட்டுகிறவரின் வீடு. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். பச்சை சோபா. கைக்கு அடியில் அதே முக்கோணத் தழும்பு. இங்கே அதை மூட யாரும் துண்டு போடவில்லை. சமையல்கட்டு ஓரத்தில் அந்த ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

இந்த சோபாவை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மெதுவாகக் கேட்டேன். டிரைவரின் மனைவி சந்தோஷமாகச் சொன்னார். "நம்மளுதுதானுங்க. போன வருஷம் நீங்க வாறீங்கன்னு அக்கா வந்து கேட்டாங்க. பெரிய எடத்துல இருந்து வாறவங்கள பாய்ல உக்கார வெக்கறதுங்களான்னு. நாங்க நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயி வெச்சோமுங்க. ஃபிரிட்ஜுந்தான். அங்க பிளக்கு மாட்டவே எடமில்ல, சும்மா நிறுத்தி வெச்சோம்."

அப்பா அன்றைக்குப் பொள்ளாச்சிக்கு வேலைக்குத்தான் போயிருந்தாரா என்று கேட்டேன். "வேலைக்கெங்கீங்க? அவரு இடுப்பு ஒடிஞ்சு படுத்து ரெண்டு வருஷமாச்சு. வாறவங்க முன்னால ஆளு படுத்துக் கெடந்தா நல்லா இருக்காதுன்னு, எங்கூட்டுக்காரருதான் வண்டியில வெச்சு, பொள்ளாச்சில இருக்கற அவரு தங்கச்சி ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வந்தாரு."

என் கையில் பேனா இருந்தது. எழுத ஓடவில்லை. ஒளித்து வைப்பவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கண் எனக்கு. இரவல் வாங்கி வைப்பார்கள் என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்த நாற்காலிகளில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. எவர்சில்வர் டம்ளர்கள் எதிர்வீட்டுடையவை, அடியில் அவர்கள் பெயர் வெட்டியிருக்கும். டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக் குடித்துவிடுவார்களோ என்று என் அம்மா தவித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வருகிறவரை வெறும் தரையில் உட்காரவைப்பதைவிட, பெண்ணின் படிப்பை... இல்லை, அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு கணக்கே மனதில் இல்லை. நல்லபடியாக உபசரித்தால் நல்லது நடக்கும் என்று நம்பியிருக்கிறார்.

அங்கிருந்து எழுந்து மூன்று கதவு நடந்தேன். போன் பண்ணாமல் நான் போன முதல் வீடு அதுதான்.

சோபா கிடந்த இடத்தில் நைலான் கட்டில் கிடந்தது. அதில் அந்த மனிதர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் கூப்பினார். அந்த அம்மா பதறிப்போனார். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். சொல்லிட்டு வந்திருக்கலாமுங்களே என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஒன்பதாவது படிக்கும் இளைய மகளின் காதில் ஏதோ சொல்லிக் கடைக்கு அனுப்பினார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"போன தடவ உங்களுக்கு மரியாத பத்தாமப் போச்சுங்க. அந்த மிக்சர் நமுத்தது. கடைக்காரன் பழசக் குடுத்துப்போட்டான். நீங்க தட்ட அப்பிடியே வெச்சுட்டுப் போனப்பவே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதுலதான் காரியம் கோணிக்கிச்சு போலன்னு இவருகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதேனுங்க."

அப்படியெல்லாம் இல்லீங்க என்றேன். உபசாரம் பத்தாமல் போகவில்லை, கூடிப்போனதால்தான் போயிற்று என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அப்போது வெளியே மில் வேன் வந்து நின்றது. காலை ஷிப்ட் முடித்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றாள். பிறகு, வாங்க மேடம் என்றாள். நான் கிளம்புகிறேன் என்றதும், பஸ் ஸ்டாப் வரைக்கும் வாரேனுங்க என்று கூடவே வந்தாள்.

லைனைத் தாண்டியதும் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கமிட்டியில் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையதுதான் என்றேன். பெரியவர் காலில் விழுந்தாவது இந்த வருடம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் அழவில்லை.

"கடுதாசி வந்தன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "சோபா வேண்டாம்மான்னு அன்னைக்குக் காலைலகூடச் சொன்னேன். அம்மா கேக்கல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு. கேட்டேனே."

"அம்மா பக்கத்துல நின்னுதுங்களே."

இனிமேல் தன்னால் படிக்கப் போக முடியாது என்றாள் அவள். அப்பாவுக்கு மருந்து, வீட்டு வாடகை எல்லாம் இப்போது அவளுடைய மில் சம்பளத்தில்தான் ஓடுகிறது. படிப்புக்கு நாங்கள் கட்டணம் கட்டினாலும், அவள் வேலைக்குப் போகாமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. போன வருடம் அப்படி இல்லை. அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தார். இப்போது அப்பாவுக்கு இன்னும் முடியாமல் போய், அவரைத் தூக்கி உட்காரவைக்கவே ஓர் ஆள் வேண்டும். இதையெல்லாம் அவள் யாரையும் குறை சொல்லாமல் சொன்னாள். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாப் வந்ததும் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க மேடம். அம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிப்போடாதீங்க. மிக்சர்னே நெனச்சுட்டு இருக்கட்டும். சோபாவால போச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காதுங்க."

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். பதினெட்டு வயதுப் பெண்ணின் உள்ளங்கை அவ்வளவு சொரசொரப்பாக இருக்கக் கூடாது.

உக்கடம் பஸ் தூரத்தில் தெரிந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. அந்த அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு மிக்சர் பொட்டலம். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. பொட்டலத்தை நீட்டினார். "இப்பத்தான் போட்டதுங்க. சூடு ஆறல, தொட்டுப் பாருங்க."

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து, அவர் பார்க்கப் பார்க்கத் தின்றேன். கடைசித் தூள் வரைக்கும் தின்று முடித்தேன். நல்லா இருக்குதுங்க என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஒரு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது விலகியதைப் போல மகளைப் பார்த்துச் சிரித்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த பஸ்ஸில் நான் ஏறும்போது அந்த அம்மா ஜன்னல் பக்கமாக வந்தார். "சின்னவளுக்குப் பாக்க வாறப்ப, மறக்காம முந்தின நாளே ஒரு போன் போட்டுருங்க மேடம். இந்தத் தடவ எல்லாம் நல்லபடியா பண்ணி வெக்கறேன்."

சரிங்க என்றேன்.