தஸ்தகீர் பாயும் எதிர்ப்பக்கம் சுற்றிய பம்பும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு ஃபிட்டராக இருக்கும் தஸ்தகீர் பாயின் வலது கை கொஞ்சம் அவசரக் கை. முப்பது வருஷ வேலை அப்படிப் பழக்கிவிட்டது. பம்பு எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்ணீர் ஒழுங்காக ஏறாது. அதனால் எங்கே அப்படிச் சுற்றக் கண்டாலும் நிறுத்திவிட்டுத்தான் அவருக்கு அடுத்த வேலை. பூந்தமல்லியில் சொந்த மச்சினியின் கல்யாணத்திலேயே மண்டபத்துப் பம்பை நிறுத்தி, கை கழுவ நின்ற அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிய புண்ணியவான்.

இப்படிப்பட்ட மனுஷரைத் தேடித்தான் இன்ஜினீயர் திவ்யா வந்தாள். பகலில் சோலார் கரண்டை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றுவது, சாயங்காலம் அதையே இறக்கிக் கரண்டு எடுப்பது அவள் திட்டம். இறங்குகிற தண்ணீருக்கென்று தனி டர்பைன் வாங்கினால் செலவு எங்கேயோ போகிறது. கடையில் கிடைக்கிற சாதாரணப் பம்பே இரண்டையும் செய்துவிட்டால்?

"தண்ணி இறங்கும்போது அது எதிர்ப்பக்கம் சுத்தும் பாய். பரவாயில்லையா?"

"சுத்திகினு போவட்டும்மா. நான் செட் பண்ணித் தரேன்," என்றார் பாய்.

சோதனை நாளும் வந்தது. பட்டறை மொட்டைமாடியில் தொட்டி, தரையில் பம்பு, அதோடு இணைத்த பல்புகள். பணம் போடவிருந்த கம்பெனியிலிருந்து லட்சுமணன் வந்திருந்தார். இன்று ஓடாவிட்டால் திட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

திவ்யா வால்வைத் திறந்தாள். பம்பு சுற்றியது, பல்புகள் எரிந்தன. லட்சுமணன் படம் பிடிக்க செல்போனை எடுப்பதற்குள் பாயின் கை போய் வால்வை மூடிவிட்டது.

"என்ன ஃபால்ட்?" என்றார் லட்சுமணன்.

திவ்யாவின் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்த பாய்க்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். என் கைதான் ஃபால்ட்டு. தப்பா சுத்துதுன்னு அதும்பாட்டுக்குப் போயி மூடிடுச்சு. இன்னொருதபா தொறக்கறேன், பாருங்க."

திறந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். தொட்டி காலியாகும்வரை பல்புகள் எரிந்தன.

"நல்லா ஓடுது," என்றார் லட்சுமணன். "ஆனா ஊருக்கு ஊர் ஃபிட்டருங்க இருக்காங்களே. அவங்களும் உங்கள மாதிரியே நிறுத்திட்டா?"

திவ்யா பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கில் இது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. பாய் உள்ளே போய் சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்து வந்தார். எந்தப் பம்பிலும் சுற்றும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி இருக்கும். அதன் கீழே, நேர் எதிர்த்திசையில் இன்னோர் அம்பு போட்டார். கோணல் எழுத்தில் எழுதினார்: 'இப்படியும் ஓடும். நிறுத்தாதே.'

கொஞ்சம் யோசித்தார். அதற்கும் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'நானும் நிறுத்தினேன். தஸ்தகீர், ஃபிட்டர்.'

லட்சுமணன் குனிந்து படித்துவிட்டு, இனி செய்யப்போகிற எல்லாப் பம்பிலும் இதை அப்படியே எழுதச் சொன்னார், பெயர் உட்பட.