ராஸ்முஸ் மேல் நான் கொடுத்த புகார்

இங்கே ஐஸ் அரங்கத்தின் உடைமாற்றும் அறையில் யாரும் எதையும் பூட்டுவதில்லை. பர்ஸ், போன், கார்ச் சாவி எல்லாம் பெஞ்சின் மேல் அப்படியே கிடக்கும். உரியவன் ஒன்றரை மணி நேரம் ஐஸில் சுற்றிவிட்டு வருவான், போட்டது போட்டபடி இருக்கும். எஸ்தோனியா என்ற இந்தச் சின்ன நாட்டுக்கு, அதிலும் தார்த்து என்ற சின்ன ஊருக்கு நான் வந்து ஏழு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் இதையெல்லாம் பார்த்து உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு முதல் நாள் தோன்றியது வேறு. யாரையோ பிடிக்கப் பொறி வைத்திருக்கிறார்கள், வெளியூர்க்காரன் நான்தான், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வருடமாக என் ஸ்கேட்டிங் பூட்ஸ் இருக்கும் பையை நான் கழிப்பறைக்குப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறேன். அவர்கள் அதைப் பார்ப்பார்கள், எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இந்தப் புத்தி எனக்குப் பரம்பரைச் சொத்து. எங்கள் வீடு தருமபுரி மாவட்டத்தில், இண்டூருக்குப் பக்கம். உரக்கடையிலிருந்து வரும் மூட்டையை அப்பா வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி மீட்டருக்கு நேராக நிற்பார். யாராவது ஓடிவந்து உதவி செய்தால், அவர் போன பிறகு, “எதுக்கு வந்துட்டுப் போறான்?” என்று அம்மாவிடம் கேட்பார். அப்படிப்பட்டவரின் மகன் தருமபுரியில் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தளத்தில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்து, பெங்களூரில் படிக்கும்போது சக்கரத்திலேயே சுழலவும் தாவவும் கற்று, மேற்படிப்பு என்று வெளிநாடு போய் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இறங்கினால் வீடு எப்படி நம்பும்? முதல் வீடியோவை அனுப்பியபோது அப்பா சொன்னது, “தொப்பூர் கணவாயில பிரேக் புடிக்காத லாரி மாதிரி இல்ல போறான்” என்பதுதான். ஜிகினா வைத்த என் சட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. பாட்டுக்கு ஆடுகிறான், பெண்பிள்ளை சட்டை போடுகிறான், சம்பளம் கிடையாது என்கிறான், பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

இங்கேயும் என்னை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ஐஸில் முதன்முதலாகக் கால் வைத்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அந்த வயதில் இந்த ஊர்க்காரர்கள் பலர் போட்டியிலிருந்து ஓய்வே பெற்றுவிடுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து தடுப்புச் சுவரைப் பிடித்தபடி நடந்த தாடிக்காரனைத் தாய்மார்கள் என்ன பார்வை பார்த்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மைரே என்ற பயிற்சியாளர் மட்டும் ஒரு மாதம் பார்த்துவிட்டு, “உனக்குக் குதிக்கத் தெரிகிறது, இறங்கத்தான் தெரியவில்லை” என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அவரிடம் பயின்ற இன்னொருவன் ராஸ்முஸ். என்னைவிட நான்கு வயது இளையவன், இந்த நாட்டுக்காக ஆடுகிறவன். நாங்கள் ஐந்து வருடம் ஒரே ஐஸில் காலை ஆறு மணிக்குச் சந்தித்தோம். மொத்தமாக ஐம்பது வாக்கியம் பேசியிருப்போம். அதை நட்பு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தியாவுக்காகப் பெரிய போட்டி ஒன்றில் இறங்க வேண்டுமென்றால், அதற்கு முன் அங்கீகாரம் உள்ள ஒரு போட்டியில் குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். மூன்று வருடமாக அதன் வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். முழங்கால் இந்தப் பருவத்துக்கு மேல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது தலைநகரம் தாலினில் ஒரே ஒரு போட்டி. அதற்கு முந்தைய வாரம் ஊரில் தங்கையின் கல்யாணம். “பூட்ஸை இங்கேயே வைத்துவிட்டுப் போ, அங்கே எந்த ஐஸில் ஆடப்போகிறாய்?” என்றார் மைரே. பூட்டில்லாத அறையில் வைத்துவிட்டுப் போவதா? தூக்கிக்கொண்டு தருமபுரி போனேன். எட்டு நாள் பந்தல், பந்தி, சொந்தக்காரர்களின் விசாரணை. காலையில் களத்தில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தாவிப் பழகுவேன். பூட்ஸ், காற்றாட என் அறை ஜன்னலோரம் கிடந்தது.

திரும்பி தாலினில் இறங்கியபோது விமான நிலையத்தில் ராஸ்முஸ் நின்றிருந்தான். நான் வரச் சொல்லவில்லை. அவனும் அதே போட்டியில் ஆடுகிறவன், போன தடவை எனக்கு ஓர் இடம் கீழே வந்தவன். விடுதி வாசலில், “இந்தப் பை எதற்கு உனக்கு? காலையில் முதல் ஆளாக அரங்கத்துக்கு நான்தான் போகிறேன், காரிலேயே இருக்கட்டும்” என்றான். இரண்டு விமானம் மாறிய களைப்பு. சரி என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடத்தில் அந்தப் பையை நான் இன்னொருவன் கையில் விட்டது அது ஒரே தடவைதான்.

மறுநாள் பயிற்சிக்கு ஐஸில் கால் வைத்தேன். கால் பக்கவாட்டில் ஓடியது. எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஸ்கேட்டிங் பிளேடு நம் அரிவாள் மாதிரி ஒரே கூர் உள்ளதல்ல. அடியில் நீளவாட்டில் சன்னமாக ஒரு பள்ளம் இருக்கும், அதன் இரண்டு கரைகள்தான் ஐஸைப் பிடிக்கும். சுவரோரம் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளத்தைக் காணோம். இரண்டு பிளேடிலும் கரைகள் நடுவில் ஒரே கூராகக் கூடும்படி பளபளவென்று தேய்க்கப்பட்டிருந்தன. நேராக மைரேயிடம் போய், “ராஸ்முஸ்தான்” என்றேன். “உறுதியாகத் தெரியுமா?” என்றார். “பை அவனிடம்தான் இருந்தது” என்றேன். போட்டி அமைப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். அவனைக் கூப்பிட்டு என் எதிரிலேயே கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். “ஏய்” என்றான். அவர்கள் பாஷையில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்தான் அவனை என் மனதில் முழுக் குற்றவாளி ஆக்கியது. நம் ஊரில் செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் மனிதன் என்ன செய்வான்? குதிப்பான், கத்துவான், பெற்றவள் மேல் ஆணையிடுவான், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வா என்று கையைப் பிடித்து இழுப்பான். ஒரே சொல்லில் மறுத்துவிட்டுச் சும்மா நிற்கிறவன் மாட்டிக்கொண்டவன். அவர்களுக்கோ நேர்மாறு. இல்லை என்று ஒருமுறை சொன்ன பிறகும் பேசிக்கொண்டே போகிறவனைத்தான் அவர்கள் நம்ப மாட்டார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

மைரே என்னை ஊருக்குள் பிளேடு தீட்டும் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “பள்ளத்தைத் திரும்ப வெட்டித் தருகிறேன். ஆனால் எஃகு நிறையப் போய்விட்டது, உயரமும் வளைவும் பழையபடி இருக்காது” என்றார். நான், வேண்டுமென்றே ஒருவன் கெடுத்துவிட்டான் என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். “கெடுக்க நினைத்தவன் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பான். இதைச் செய்தவர் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் ஒரே சீராக இருக்கின்றன. துரு வராமல் எண்ணெய்கூடத் தடவியிருக்கிறார். இந்த ஆளுக்கு உங்கள் மேல் அக்கறை உண்டு.” பிளேடை மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

கடை வாசலிலிருந்தே ஊருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே கேட்டார். “என்னடா கண்ணு, கத்தி இப்ப எப்படி இருக்குது?”

“எந்தக் கத்திப்பா?”

“அதான்டா, உன் பூட்ஸுக் கத்தி. நீ மாப்ள வூட்டுக்குப் போயிருந்த அன்னிக்கு எடுத்துப் பாத்தேன். நடுவுல பூராவும் பள்ளம். உனக்குத் தீட்டிக் குடுக்கறவன் நடுவுல சுரண்டி வுட்டிருக்கான்டா, சீக்கிரம் தேஞ்சா புதுசு வாங்குவேன்னு. வெளிநாட்டுக்காரன்னா திருட மாட்டானா? சந்தைக்குக் கொண்டுபோயி சாணை புடிச்சேன். சாணைக்காரன் எஃகை மாத்திப்புடுவானோன்னு பக்கத்துலயே குந்தியிருந்தேன். முன்னால பல்லு மாதிரி இருக்குதே, அதையும் ராவிடலாங்களான்னு கேட்டான். நான்தான் வேணாம்னுட்டேன். எதுக்கோ வெச்சிருப்பாங்க.”

கல்யாண வேலைக்கு நடுவில், மகளை அனுப்பும் வாரத்தில், இந்த ஆட்டத்தின் மேல் இம்மியும் நம்பிக்கை இல்லாத மனிதர் என் பூட்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ச் சந்தையில் ஒரு மணி நேரம் குந்தியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “நல்லாருக்குப்பா” என்றேன்.

என் அடுத்த யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அமைப்பாளரிடம் போய், “விமானத்தில் ஏதோ ஆகியிருக்கும் போல, புகாரைத் திரும்பப் பெறுகிறேன்” என்றேன். ராஸ்முஸையும் காப்பாற்றியாயிற்று, அப்பாவையும் காப்பாற்றியாயிற்று என்று நினைப்பு. உண்மையைச் சொன்னால் ஐரோப்பாவின் அத்தனை அரங்கங்களிலும் அப்பா ஒரு வேடிக்கைக் கதையாக உலவுவார் என்று பயந்தேன். ஆனால் போட்டியன்று காலை உடைமாற்றும் அறையில் ராஸ்முஸ் எழுந்து கழிப்பறைக்குப் போனான். போகும்போது தன் பூட்ஸ் இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். இன்னும் இரண்டு பேர் தங்கள் பைகளைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து எதையும் பூட்டாத பிள்ளைகள். அவன் திரும்பி வந்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “என் பிளேடைத் தீட்டியது என் அப்பா. எங்கள் ஊரில் அரிவாள் தீட்டும் கல்லில் தீட்டினார். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தார். ராஸ்முஸ் எதுவும் செய்யவில்லை.” ஒருவன் சிரித்தான். என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பொறுத்துக்கொண்டேன். அமைப்பாளரிடமும் போய் அதையே சொன்னேன். ராஸ்முஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே, “சரி” என்றான். மன்னித்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பிறகு ஆடினேன். புதுப் பள்ளம் பிடித்தது, ஆனால் கால் எனக்குப் பழகிய உயரத்தில் இல்லை. மூன்று சுற்றுத் தாவலில் காற்றிலேயே தெரிந்துவிட்டது, சுற்று முடிவதற்குள் இறங்குகிறேன் என்று. விழவில்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் தாவல்களை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கும் தொழில்நுட்ப நடுவர் ஒருவர் இருக்கிறார், அவர் கண்ணுக்குத் தப்பாது. சுற்று குறைவு என்று குறித்தார். அவர் குறித்தது சரி. நான் தொட வேண்டிய எண்ணை ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தவறவிட்டேன். இனி இந்தியாவின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு எந்தப் பெரிய போட்டிக்கும் போக மாட்டேன் என்பது மதிப்பெண் பலகையில் எழுதிக் காட்டியதுபோலத் தெரிந்தது.

வெளியே வரும் நடையில் போன் அடித்தது. தங்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நேரலையில் பார்த்திருக்கிறார்கள். “விழவே இல்லையேடா நீ!” என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. “எனக்கு அந்த மார்க் போடறவங்க மேலதான் சந்தேகம். நம்ம மரவள்ளிக் கெழங்கை ஜவ்வரிசி மில்லுல தண்ணியில அமுக்கி எடை பாத்து மாவுப் பாயிண்டைக் குறைக்கறானுங்க இல்ல, அதே வேலைதான் இது. கத்தியில ஒரு கொறையும் இல்ல, நான் பாத்துத்தான் புடிச்சேன்.” கத்தியில் குறை இல்லை என்று சொல்லும்போது, அதைக் கேள்வியாகவே கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. அவர் எதையோ சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார், அந்தச் சந்தேகம் அவர் மேலேயே திரும்பும் முன் நான் ஏதாவது செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு அந்தத் தொழில்நுட்ப நடுவரே எதிரில் வந்தார். நரைத்த தலை, களைத்த முகம். நின்று, கையை நீட்டி, “வருத்தமாக இருக்கிறது. அழகாக ஆடினாய்” என்றார். வலது கையை அவர் கைக்குள் கொடுத்தேன். இடது கையிலிருந்த போனில், “ஆமாப்பா, எனக்கும் அவங்க மேலதான் சந்தேகம்” என்றேன்.

“அப்பாவா?” என்று கேட்டார் அவர். ஆமாம் என்றேன். போன் பக்கம் குனிந்து தன் பாஷையில் உரக்க வணக்கம் சொன்னார்.

“யாருடா அது? என்ன சொல்லுது?”

“இங்க வேலை செய்யறவங்கப்பா. நல்லாருக்கீங்களான்னு கேக்கறாங்க.”

“நல்லாருக்கோம்னு சொல்லு. மார்க் விஷயத்தை நீ எழுதிக் குடுத்துரு, சும்மா வுட்டுடாத.”

முதல் பாதியை நடுவரிடம் சொன்னேன். அவர் சிரித்தபடி என் கையை இன்னொரு முறை குலுக்கினார். இரண்டாம் பாதிக்கு, “சரிப்பா, குடுத்துடறேன்” என்றேன்.