மூன்றாம் தரம்

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். தொண்டை அப்படி. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவர் இழுத்தால் வாசலில் நிற்கிற லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் சொன்னதுதான்; அப்புறம் அழுது புரண்டாலும் மாற்றமாட்டார். எல்லாம் தொண்டைவரைதான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவர் மனைவிக்குத் தெரியும். குறைகுடம்தானே கூத்தாடும்!

அவள் சந்தைக்குப் பின்சந்தில் தையல் கடை வைத்திருந்தாள். ஒருமுறை மிஷின் ஊசி விரல் நகத்தில் இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குறடால் பிடுங்கினாள். துணியைச் சுற்றிக்கொண்டு, கையிலிருந்த ரவிக்கையையும் முடித்தாள். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவர் வெண்கலம். மறுநாள் சந்தையில் அவர் அளந்த கதையோ வேறு.

"அவ போட்ட கூச்சல் இருக்கே! நான்தான் புடிச்சு இழுத்தேன். சரியான பயந்தாங்கொள்ளிங்க அவ."

கல்யாணம் ஆனதிலிருந்து இதே பிழைப்பு. மேலே பல்லி விழுந்து அலறுவது இவர். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அலறியது அவளாகிவிடும். போகட்டும், புருஷன்தானே என்று அவள் விட்டுவிட்டாள். அதனால் வந்த வினை, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவள்கூட "பாவம், நீ ரொம்பப் பயப்படுவியாமே" என்று உச்சுக்கொட்டும்படி ஆயிற்று.

இந்த நிலையில்தான் வெண்கலத்துக்குக் கடைவாய்ப் பல் அழுகியது. கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கூவுகிற அளவுக்கு வாய் திறக்கவில்லை. எடை போடுகிறவர் அவருக்குப் பதிலாகக் கூவ ஆரம்பித்தார். அவள்தான் பல் டாக்டரிடம் தரதரவென்று இழுத்துப் போனாள். நாற்காலியைப் பார்த்ததுமே மனிதர் வாசல் பக்கம் திரும்பினார்.

"முழுசா மயக்கிடுங்க டாக்டர். அறுத்துப் போட்டாலும் தெரியக்கூடாது."

டாக்டரம்மா பொறுமைசாலி. "ஒரு பல்லுக்கு அதெல்லாம் எதுக்கு? மரத்துப்போற ஊசி எப்படியும் போடுவேன். அதுக்கு முன்னால பயம் தணிய வழி இருக்கு. மூக்குல வச்சு இழுக்கிற வாயு இருக்கு. முழிச்சுட்டேதான் இருப்பீங்க, லேசா மிதக்குற மாதிரி இருக்கும், நிறுத்தினா சீக்கிரமே தெளிஞ்சிடும்."

"மூக்கை மூடினா மூச்சு எப்படி விடுறது?"

"அந்தக் காத்தோடயேதான் மூச்சு விடுவீங்க. வேண்டாம்னா நரம்புல ஊசி..."

ஊசி என்றதும் அவர் மனைவியின் முந்தானையைப் பிடித்தார்.

"சரி, நாளைக்கு வாங்க, மாத்திரை தரேன். தூக்கக் கலக்கமா இருக்கும். நடந்தது பாதி ஞாபகம் இருக்காது. சில பேர் உளறவும் செய்வாங்க. கூட ஒரு ஆள் இருந்து நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பயப்படுறதுல வெட்கமே இல்லைங்க, நிறையப் பேர் இப்படித்தான்."

அதுவும் நியாயம்தான். பயப்படுகிறவனை யார் குற்றம் சொன்னார்கள்? தன் பயத்தை அடுத்தவள் தலையில் கட்டுகிறவனைத்தான் எதால் அடிப்பது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே சந்தையில் போய், "நாளைக்கு வரமாட்டேன். என் வீட்டுக்காரிக்குப் பல்லு புடுங்கணும். மயக்க மாத்திரை இல்லாம நாற்காலியில ஏறமாட்டேங்கிறா" என்றாரே! வீங்கியது அவர் கன்னம், வலி அவளுக்காம்! கன்னம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் குளவி கொட்டியது என்றாராம்.

விடிந்ததும் தையல் கடையில் ஆறுதல் சொல்ல ஆள் கூடிவிட்டது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், சின்னப் பிள்ளையாட்டம் அழாதே" என்றாள் பழக்கடைக்காரி. வெண்கலத்தின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திரிக்கோலை வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

"யாருக்குப் பயம்னு உங்க வாயாலயே சந்தையில சொல்லணும். இல்லேன்னா துணைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

"சொல்றேன் தாயே, சொல்றேன். முதல்ல பல்லு போகட்டும்."

அவர் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் போனாள்.

மாத்திரையைப் போட்டு, ஊசியும் போட்டு, அவர் குறட்டைக்கும் விம்மலுக்கும் நடுவில் பல் வந்துவிட்டது. திரும்பும்போது ஆட்டோவில் அவள் தோளில் சாய்ந்து கிடந்தார். சந்தை வாசலில் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே எடை போடுகிறவரின் குரல் கேட்டது: "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

வெண்கலம் விலுக்கென்று நிமிர்ந்தார். வாயில் பஞ்சோடு தலையை வெளியே நீட்டினார். மரத்துப்போன உதடு குழறினாலும் தொண்டை பழைய தொண்டைதான்.

"கோழை ஒண்ணு வந்திருக்கு! ஒத்தப் பல்லுக்கு டாக்டர் கையைப் புடிச்சுட்டு அழுத கோழை! கேக்குறவங்க கேளுங்க!"

சந்தையே திரும்பியது. எடை போடுகிறவர் ஓடிவந்து, "யாருண்ணே, நம்ம அண்ணியா?" என்றார்.

அவள் அவரை இழுத்து உள்ளே போடலாமா என்று அவர் சட்டையைப் பிடித்தாள். என்னவோ நினைத்துக் கையை விட்டாள்.

"அவளா? அவ விரல்ல ஒடிஞ்ச ஊசியைக் குறடால புடுங்குனவ! மயங்கி விழுந்தது நானு. பல்லிக்கு அலறினது நானு. கோழை நான்தான். ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

ஆட்டோவின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுபடி அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் ஒன்றும் ஞாபகமில்லாமல் மீசையைத் தடவிக்கொண்டு சந்தைக்குப் போனவர், போன வேகத்தில் தையல் கடைக்கு ஓடிவந்தார்.

"ஏண்டி, எல்லாரும் சிரிக்கிறானுங்க! மயக்கத்துல உளறினதெல்லாம் கணக்கா? அது சும்மான்னு நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. "மூணு தரம் சொன்னா சொன்னதுதான்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சரி, அந்த ஏலத்தை எடுத்தது யாரு?"

"ஒருத்தரும் கையைத் தூக்கல. விலை போகாத சரக்கு, நான்தான் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்தேன்."