நாமக்கோழி திரும்பி வந்த மழை

இன்று காலை உக்கடம் பக்கத்துக் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது பங்குனி வெயில் சட்டென்று மங்கி மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த மண் நனைந்த வாசத்தோடு சம்புக் கோரைப் புதருக்குள்ளிருந்து நாமக்கோழியின் கத்தலும் கேட்டது. நான் மறுபடியும் எட்டு வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

அப்போது எங்கள் தோட்டம் காரமடைக்கு அருகே ஒரு குளத்தை ஒட்டி இருந்தது. அந்தத் தை மாதம் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அப்பா பேச்சையே விட்டுவிட்டார். சோறு ஆக்குவார், எனக்குத் தலை பின்னிவிடுவார், சாயங்காலமானால் குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். கரையோரச் சம்புக்குள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட அந்தக் கறுப்பு நீர்க்கோழி முட்டைகள் மேல் படுத்திருக்கும்.

பங்குனியில் ஒருநாள் கோடைமழை கொட்டியது. ஓடைத் தண்ணீர் பாய்ந்து, குளத்து நீர் ஏறிக் கூட்டைத் தொட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்புக்கு மேல் தண்ணீர்.

“அப்பா, வந்துருங்க! எனக்குப் பயமா இருக்குதுங்க!” என்று கத்தினேன்.

அவர் சம்பை அறுத்து அறுத்துக் கூட்டுக்கு அடியில் திணித்து அதை உயர்த்தினார். கோழி தூரத்தில் நீந்திக்கொண்டே கத்தியது. அப்பா கரையேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அது திரும்பி வந்து முட்டைகள் மேல் படுத்தது.

அப்போதுதான் அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“உங்கம்மா இனி வரமாட்டா கண்ணு. நீயும் நானுந்தான்” என்றார்.

போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். இன்று மழை விட்டபின்னும் நான் கரையிலேயே நின்றிருந்தேன். வீட்டில் யாருமில்லை, போக அவசரமும் இல்லை.