ரேடியோவும் விளக்கும் ஒரே பேட்டரியில்

எங்கள் ரேடியோ அன்று மறுபடி பேசியது ஒயரை மாற்றியதாலா, உப்பை எடுத்ததாலா? எனக்கு இன்றும் தெரியவில்லை.

மரக்காணத்தில் உப்பளங்களைத் தாண்டிக் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. கரண்டு இன்னும் வரவில்லை. என் கணவருக்குக் கடல் தொழில். மாமியார் சீசனில் உப்பளத்துக்குப் போவார். அப்போது என் மகன் தவழ ஆரம்பித்திருந்தான். அவனுக்கு அடிக்கடி மூச்சு இளைக்கும். ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொல்லி அனுப்பியது இதுதான்: "சிம்னி வெளக்குப் புகை ஆகாதும்மா. இளைக்கிறப்போ உதடு நீலமாவுதான்னு பாத்துக்கினே இரு."

புகை இல்லாமல் வெளிச்சத்துக்கு எங்கே போவது? என் கணவர் ரோட்டோர ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரியும் அதற்கேற்ற பல்பும் வாங்கி வந்தார். ரேடியோவில் நான்கு பேட்டரிக் கட்டை போடுகிற இடத்தில் பேட்டரியின் ஒயரைக் கொடுத்தார். அங்கிருந்தே இன்னொரு துண்டு ஒயர் இழுத்துப் பல்பையும் மாட்டிவிட்டார்.

"ஒரே பேட்டரி, ரெண்டு வேல. எப்டி?" என்றார்.

"ரெண்டையும் தாங்குமாங்க?"

"படிச்சவளாச்சே, அதான் சந்தேகம் வந்துக்கினே இருக்குது உனக்கு."

குழந்தை கை வைத்துவிடுவானே என்று பேட்டரியை வெளியே, சுவரோரமாக ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தோம். மாமியார் சும்மா இருப்பாரா? அந்த வருஷம் முதன்முதலில் வாரிய உப்பில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து பேட்டரியின் தலைமேல் கட்டினார். எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் கண்ணேறு படாமலிருக்க அந்த உப்பு வேண்டும். கட்டுமரத்திலும் உண்டு, தொட்டிலிலும் உண்டு. கட்டிய முடிச்சை வீட்டு ஆம்பிளை கடலில் இருக்கும்போது மட்டும் அவிழ்க்கக் கூடாது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மழைக்காற்று திரும்பியதும், விளக்கைப் போட்டால் ரேடியோ தொண்டை கட்டியதுபோல் முனகும். அணைத்தால் பேசும். வானிலை அறிக்கை வரும் நேரத்துக்கு மட்டும் விளக்கை அணைத்து, இருட்டில் குழந்தையின் மூக்கருகே கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எதைக் கவனிப்பது, செய்தியையா, மூச்சையா? பாதி செய்தி காதில் ஏறாது.

ஒரு நாள் அவர் மதியமே கடலுக்குப் போய்விட்டார், மறுநாள் காலையில்தான் வருவார். சாயங்காலம் தென்கிழக்கே வானம் கறுத்தது. குழந்தைக்கும் இளைப்பு கண்டது. அன்றைக்கு எனக்கு இரண்டும் வேண்டும், விளக்கும் ரேடியோவும், ஒரே நேரத்தில்.

வெளிச்சம் இருக்கும்போதே மரப்பெட்டியைத் திறந்தேன். உப்பு முடிச்சு ஈரக்காற்றில் வியர்த்து, பேட்டரியின் இரண்டு முனைகளின் மேலும் வழிந்திருந்தது. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கரண்டு அது வழியே கசிகிறதோ? ஆனால் அவர் கடலில் இருக்கிறார். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், முடிச்சை அவிழ்த்த கை என்னுடையதாகத்தானே இருக்கும்? ஒருவேளை உப்பு காரணமாகவே இல்லாமல், ஒயர்தான் காரணமாக இருந்தால்? அத்தனை வெளிச்சத்துக்கும் வேண்டிய கரண்டு ரேடியோவுக்குப் போகிற அந்த நூல் மாதிரி ஒயர் வழியாகத்தானே வந்தாக வேண்டும்?

குழந்தையை இடுப்பில் வைத்தபடி மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாடி நோண்டற அங்க?"

"அத்தை, இந்த உப்ப எடுக்கணும். ரேடியோ கேக்கல."

"அவன் கடலுக்குள்ள இருக்கறான். உன் ரேடியோ எம்மவன விட ஒசத்தியா?"

"அவருக்காகத்தான் அத்தை கேக்கறேன்."

குழந்தையின் நெஞ்சு கீச்கீச்சென்றது. மாமியார் அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எடு. ஆனா கீழ கொட்டாத, மிதிபடக் கூடாது. கடல்லயே கரைச்சிட்டு வரேன், குடு" என்றார். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, முடிச்சைத் தானே அவிழ்த்தார். என் கை அவிழ்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் கரைக்குப் போய் வருவதற்குள், குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஒயர்களைக் கழற்றி, முனைகளை வெந்நீர்த் துணியால் துடைத்துச் சுரண்டினேன். பரணில் கொஞ்சம் தடித்த ஒயர் மீதி இருந்தது. அதைப் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு இழுத்தேன். ரேடியோவுக்குப் பழைய ஒயர் தனியாக. ஒன்றைச் செய்து பார்த்து, அப்புறம் மற்றதைச் செய்ய நேரமில்லை. அறிக்கை வரும் நேரம் நெருங்கிவிட்டது.

விளக்கைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. ரேடியோவைத் திருகினேன். முனகவில்லை. தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொன்னார்கள்: காற்றழுத்தத் தாழ்வு வடக்கே ஆந்திரா பக்கம் நகர்கிறது, நம் கரைக்கு எச்சரிக்கை இல்லை. அந்த வெளிச்சத்தில் என் மகனின் உதடு சிவப்பாகவே இருந்தது. மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லேன் அந்த ரேடியோக்காரன" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காலையில் கட்டுமரம் கரை ஏறியது. என் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என் ஒயரிங்க மாத்திட்டியா?" என்றார். கோபமில்லை. "அப்ப அடுப்பங்கரைக்கும் ஒரு பல்பு போட்டுடலாமா?"

அதில்தான் இப்போது வந்து நிற்கிறோம். அவருக்கு இன்னொரு பல்பு வேண்டும். மாமியாருக்கு உப்பு முடிச்சு பழைய இடத்துக்கே வர வேண்டும், அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒயர்தான் காரணம் என்றால் உப்பு வரட்டும். உப்புதான் காரணம் என்றால் அதைக் கதவுப் பக்கம் கட்டச் சொல்லிப் பார்க்கிறேன். குழந்தைக்கு இப்போதும் இளைப்பு வருகிறது, அதனால் பரீட்சை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பேட்டரி வேலை தெரிந்த வாசகர்கள் யாராவது இருந்தால், எது காரணம், இரண்டாவது பல்பை அந்தப் பேட்டரி தாங்குமா என்று தயவுசெய்து எழுதிச் சொல்லுங்கள்.