வேப்பிலைக்கு உள்ளே நான் மட்டும்

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் எனக்குச் சின்னம்மை போட்டது. கணவர் வெளிநாட்டில் இருந்தார். ஆனையூர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய மாமியார், "ஆத்தா வந்திருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது தாயி" என்றார். கஞ்சியை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். வயிற்றில் உதைக்கும் பிள்ளையோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே டாக்டரிடம் போனேன். "அன்னைக்கே வந்திருக்க வேணாமாம்மா? உங்க உடம்புல உண்டாகுற எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேர நாளாகும். அதுக்குள்ள பிரசவமாகியிருந்தா பிள்ளை உசுருக்கே ஆபத்து" என்று கடிந்துகொண்டார்.

நல்லவேளை, மகள் நலமாகப் பிறந்தாள்.

போன மாதம் எதிர்வீட்டுக் கர்ப்பிணிக்கும் அம்மை. டாக்டருக்குப் போன் செய்துவிட்டு அன்றே கூட்டிப்போனேன். திரும்பியதும் வேப்பிலையைத் தாண்டி உள்ளே போய், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே.